நாலரை மூட்டை ஞாயிற்றுக்கிழமை

சென்னையிலிருந்து திருச்சி போகிற சாலையில் பரனூர் சுங்கச்சாவடியைக் கடந்து, மதுராந்தகம் ஏரிக்கரையையும் விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் போனால் ஒரு பண்ணை. பெயர் எதற்கு, வாசலில் பெரிய எழுத்தில் ‘அசல் கிராமம்’ என்று போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் போனால்தான் கார் நிறுத்த இடம் கிடைக்கும்.

பேசுகிறவர்கள் இரண்டு பேர். மாமனார் மன்னார்குடிப் பக்கம், வயது அறுபத்தெட்டு, ஐந்து ஏக்கர் நஞ்சை, இரண்டு வருடமாகக் குத்தகையில். மாப்பிள்ளை பெரும்பாக்கம், பதினொன்றாவது மாடி, மென்பொருள் கம்பெனி. இந்த உறவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எவ்வளவு கோபம் வந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

(டிக்கெட் கவுன்டரைத் தாண்டி, மணிக்கட்டில் காகிதப் பட்டையோடு.)

மாமனார்: என்னங்க மாப்ள இது? ஆஸ்பத்திரியில புள்ள மாறிடக்கூடாதுன்னு பொறந்த அன்னிக்குக் கட்டுவாங்களே, அந்தப் பட்டை மாதிரி இருக்கு.

மாப்பிள்ளை: ரிஸ்ட் பேண்ட் மாமா. உங்களுது நீலம், சீனியர் சிட்டிசன். எல்லா ஆக்டிவிட்டியும் உண்டு. மாட்டு வண்டிக்கு மட்டும் தனிக் காசு.

மாமனார்: மொத்தம் எவ்ளோ ஆச்சு?

மாப்பிள்ளை: அதெல்லாம் எதுக்கு மாமா.

மாமனார்: சும்மா சொல்லுங்க. ஊர்ல போயி நாலு பேருகிட்ட பெருமையா சொல்லிக்க வேணாமா?

மாப்பிள்ளை: எனக்கும் உங்க பொண்ணுக்கும் தலைக்கு 1,299. உங்களுக்கு 999. பையனுக்கு 899. ஆக 4,496. பாப்பா ஃப்ரீ.

மாமனார்: பாப்பா எப்படி ஃப்ரீ?

மாப்பிள்ளை: மூணு வயசுக்குக் கீழ டிக்கெட் கெடையாது.

மாமனார்: பாப்பாவுக்கு மூணு முடிஞ்சு நாலு மாசம் ஆச்சே! கேக் வெட்டறப்ப நான்தானே பக்கத்துல...

மாப்பிள்ளை: மெதுவா மாமா. கவுன்டர்ல காதுல விழப்போவுது.

மாமனார்: (விரலை மடக்கிக்கொண்டே) கொள்முதல் நிலையத்துல இந்த வருஷம் சாதா ரகம் குவிண்டால் 2,500. நாப்பது கிலோ மூட்டை ஒண்ணு ஆயிரம் ரூபா. அப்ப நாலரை மூட்டை நெல்லை வாசல்ல கொட்டிட்டு உள்ள வந்திருக்கோம்.

மாப்பிள்ளை: எல்லாத்தையும் நெல்லாவே கணக்குப் போட்டா எப்படி மாமா? போன மாசம் சினிமா தியேட்டர்ல பாப்கார்ன் வாங்குனப்பவும் “அரை மூட்டை”ன்னீங்க. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பாத்தாரு.

மாமனார்: அந்த அரை மூட்டைய நீங்க பாதி தின்னுட்டு சீட்டுக்கடியில வெச்சுட்டு வந்தீங்க. அதுதான் எனக்கு இன்னும் செரிக்கல.

(மாட்டுக் கொட்டகை. ‘பால் கறக்கும் அனுபவம் 10.30. ஒரு குழந்தைக்கு மூன்று பீச்சல் மட்டும்’ என்று பலகை. வரிசையில் நாற்பது குழந்தைகள், எண்பது செல்ஃபோன்கள்.)

மாமனார்: பத்தரை மணிக்கு எந்த மாடு பால் குடுக்கும்? விடியக்காலை அஞ்சு மணிக்குக் கறக்கணும், விட்டா சாயங்காலம் மூணு மணிக்கு. கன்னுக்குட்டிய அவுத்து ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் இழுத்துக் கட்டி, தண்ணி அடிச்சு மடியக் கழுவி, காம்புல ஒரு பொட்டு விளக்கெண்ணெய் தடவி ஒக்காரணும். இங்க கன்னு எங்க?

மாப்பிள்ளை: கன்னுக்குட்டி ‘கொஞ்சும் பகுதி’யில இருக்கு மாமா. அதுக்கு வேற வரிசை.

மாமனார்: ஆத்தா ஒரு டிபார்ட்மென்ட்டு, புள்ள ஒரு டிபார்ட்மென்ட்டு.

மாப்பிள்ளை: பையன் மூணு பீச்சும் அழாம பீச்சினான், பாத்தீங்களா?

மாமனார்: பாத்தேன். பால் வரல, மாடுதான் பெருமூச்சு விட்டுச்சு.

மாப்பிள்ளை: அனுபவம்தான் மாமா முக்கியம். பால் எங்க வேணா கெடைக்கும்.

மாமனார்: அந்த கைடு தம்பி சொன்னதக் கேட்டீங்களா? சாம்பல் மாட்டைக் காட்டி “இது காங்கேயம்”னான். சரி. செவப்புக் கன்னைக் காட்டி “இது வேற இனம்”னான். காங்கேயம் கன்னு பொறக்கறப்ப செவப்பாத்தாங்க இருக்கும், ஆறு மாசத்துல சாம்பலாயிரும். நம்ம பக்கத்து உம்பளாச்சேரியும் அப்படித்தான். பெத்தவளையும் புள்ளையையும் பலகை எழுதிப் பிரிச்சுட்டான்.

மாப்பிள்ளை: அவன் பி.காம். மாமா. சேந்து ரெண்டு மாசந்தான் ஆவுது.

மாமனார்: கோழிக்கும் அவன்தான் கைடு போலருக்கு. நாட்டுக்கோழிக் கூட்டுல வெள்ள வெளேர்னு ஆறு முட்டை. அப்படின்னா அந்தக் கோழி ராத்திரியோட ராத்திரியா நாமக்கல்லுக்குப் போயிட்டு வந்திருக்கணும்.

மாப்பிள்ளை: அது வந்து... புள்ளைங்க எடுக்கறப்ப கீழ போட்டு உடைச்சிடுதுங்கன்னு அவிச்சு வெச்சிருக்காங்களாம்.

மாமனார்: அவிச்ச முட்டையவா அந்தக் கோழி அடைகாக்குது?

மாப்பிள்ளை: காலைலேர்ந்து.

மாமனார்: நானாவது குறுவையோட விட்டேன். அது இன்னும் நம்பிக்கிட்டுக் கெடக்கு.

(ஆட்டுப் பட்டியில் அதிக நேரம் நிற்கவில்லை. ஐம்பது ரூபாய்க்குக் காகிதக் கூம்பில் கேரட் விற்கிறார்கள். பதினொரு மணிக்குள்ளேயே ஆடுகள் வயிறு புடைத்துப்போய்க் கேரட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டன. பாப்பா தன் கேரட்டைத் தானே தின்றுவிட்டாள். அடுத்தது மாட்டு வண்டி நிறுத்தம்.)

மாப்பிள்ளை: ஏறுங்க மாமா, ஆளுக்கு முன்னூறு. சீட் பெல்ட்லாம் வெச்சிருக்கான் பாருங்க.

மாமனார்: நீங்க புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க. நான் இதுல ஏறுனா அந்த மாட்டுக்குக் கூச்சமா இருக்கும்.

மாப்பிள்ளை: உங்ககிட்டதான் ஒரு ஜோடி இருந்துச்சாமே?

மாமனார்: இருந்துச்சு. உம்பளாச்சேரி. தெற்கத்தி மாடும்பாங்க. நெத்தியில வெள்ளைச் சுட்டி, நாலு காலும் வெள்ளை, வால்குஞ்சம் வெள்ளை. கொம்பு தீச்ச மொட்டை மாடு. ஒளையில இடுப்பளவு எறங்குனாலும் இழுத்துக்கிட்டு வெளிய வந்துரும்.

மாப்பிள்ளை: என்னாச்சு அதுங்க?

மாமனார்: 2015ல வித்துட்டேன். கூடக் கொஞ்சம் கடன் போட்டு ஒரு புல்லட் வாங்கினேன்.

மாப்பிள்ளை: உங்களுக்குப் புல்லட் ஓட்டத் தெரியுமா மாமா?

மாமனார்: எனக்கு எங்கேர்ந்து தெரியும்? மண்டபத்து வாசல்ல மாலை போட்டு நிறுத்தியிருந்துச்சே, நீங்க கவனிக்கலியா?

மாப்பிள்ளை: ...அது எங்கப்பா கேட்டது மாமா. நான் கேக்கல.

மாமனார்: சம்பந்தியும் அதேதான் சொன்னாரு. “எனக்கென்ன இதுல, பையன்தான் ஆசப்படறான்”னாரு. இப்ப அந்தப் புல்லட் எங்க?

மாப்பிள்ளை: கார் எடுக்கறப்ப அட்வான்ஸுக்குப் பணம் பத்தல.

மாமனார்: ஆக, மாடு புல்லட் ஆச்சு. புல்லட் கார் ஆச்சு. கார்ல ஏறி இங்க வந்து முன்னூறு ரூபா குடுத்து மாட்டு மேல ஏறுறோம். சுத்தி வந்தாலும் சேர வேண்டிய எடத்துக்குச் சேந்துட்டோம், என்ன சொல்றீங்க?

(மாப்பிள்ளை இருமினார். நல்ல வேளை, அதற்குள் மணி அடித்தார்கள். ‘நாற்று நடுதல்’. வயல் என்பது டென்னிஸ் ஆடுகிற இடம் அளவுக்கு ஒரு சேற்றுப் பாத்தி. வேப்பமரத்தில் கட்டிய ஸ்பீக்கரில் குலவைச் சத்தம், நடுநடுவே விளம்பரம். மாப்பிள்ளை கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, 150 ரூபாய்க்கு விற்ற ஓலைத் தொப்பியோடு இறங்கி, இருபது நிமிடத்தில் ஏறினார்.)

மாமனார்: அஞ்சு விரலும் உள்ள போற ஆழத்துக்கு அமுக்கிட்டீங்களே மாப்ள! அது நாத்து நடுறதில்ல, தென்னம்புள்ள வெக்கிறது.

மாப்பிள்ளை: விழாம நிக்கணும்ல?

மாமனார்: ரெண்டு மூணு நாத்தாப் பிரிச்சு, சேத்துல பட்டும் படாம ஒரு அங்குலம் வெச்சாப் போதும். ஆழமாப் போனா தூர் கட்டாது. அந்த அம்மா குனிஞ்சு சொல்லிக் குடுத்துச்சே, நீங்க எங்க பாத்தீங்க?

மாப்பிள்ளை: செல்ஃபோன் சேத்துல விழுந்துடுமோன்னு அதையே பாத்துக்கிட்டிருந்தேன்.

மாமனார்: அது கெடக்கட்டும், அந்த நாத்தப் பாத்தீங்களா? கணு விட்டிருக்கு. நாத்தங்கால்லேர்ந்து இருபத்தஞ்சு நாள்ல பறிச்சு நட்டிருக்கணும். இது அம்பது நாள் தாண்டுன கெழம். ஏன்னு அப்புறந்தான் புரிஞ்சுது. காலையில வந்த கோஷ்டி நட்டதைப் புடுங்கி, வாய்க்கால்ல அலசி, அதே முடியாக் கட்டி உங்க கையில குடுத்தான். நீங்க நட்டதை இந்நேரம் புடுங்கிட்டிருப்பான், மூணு மணி கோஷ்டிக்கு.

மாப்பிள்ளை: ரீசைக்கிளிங் மாமா. எதுவும் வீணாவக் கூடாதில்ல.

மாமனார்: தெனம் மூணு நடவு, அறுப்பே கெடையாது! பூச்சி கெடையாது, ஐப்பசி மழையில சாயுறது கெடையாது, ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேலன்னு மூட்டையத் திருப்புறது கெடையாது. நாப்பது வருஷமா நானும் இப்படி ஒரு வயலத்தான் தேடிக்கிட்டிருந்தேன் மாப்ள.

மாப்பிள்ளை: நீங்க கிண்டல் பண்றீங்க. ஆனா இத்தாலியில 1985லயே இந்தப் பண்ணைச் சுற்றுலாவுக்குச் சட்டம் போட்டிருக்காங்க. மகாராஷ்டிரத்துல 2020ல தனியா ஒரு கொள்கையே கொண்டுவந்துட்டாங்க. விவசாயிக்கு ரெண்டாவது வருமானம் மாமா.

மாமனார்: அந்த இத்தாலிச் சட்டத்துல என்ன போட்டிருக்கான்?

மாப்பிள்ளை: (செல்ஃபோனைத் தடவி) விவசாயிதான் நடத்தணும். விவசாயம்தான் முதல் தொழிலா இருக்கணும். விருந்தாளி வர்றது, தங்குறது எல்லாம் அதுக்குத் துணைத் தொழில்.

மாமனார்: நல்ல சட்டம். இங்க முதலாளி யாரு?

மாப்பிள்ளை: மனை போட்டு விக்கிறவருன்னு கேள்வி. வர்ற வழியில கல் நட்டு, கொடி கட்டியிருந்துச்சே, அதெல்லாம் அவருதான். இந்த மூலை மட்டும் தாழ்வாப் போச்சு, மழைக்குத் தண்ணி நிக்கும்னு யாரும் வாங்கல.

மாமனார்: விக்காத மனைக்குப் பேரு கிராமம்.

(மாப்பிள்ளை வெகுநேரமாக ஒரு கேள்வியை மனதில் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். காலைச் சேற்றைக் கழுவாமலேயே கேட்டார்.)

மாப்பிள்ளை: மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க உங்க வயல்ல இதுவரைக்கும் எத்தனை முடி நாத்து நட்டிருப்பீங்க?

மாமனார்: எங்க பக்கம் நடவு பொம்பளைங்க வேலை. ஆம்பளைங்க நாத்துதான் பறிப்பாங்க.

மாப்பிள்ளை: சரி, எத்தனை முடி பறிச்சிருப்பீங்க?

மாமனார்: பறிக்கறதுக்கு ஆள் இருந்தாங்க.

மாப்பிள்ளை: அஞ்சு ஏக்கர்ல நீங்க சேத்துல எறங்குனது எப்ப?

மாமனார்: எறங்காம? சின்ன வயசுல ஒரு தடவ செருப்பு மாட்டிக்கிச்சு. எடுக்க எறங்கியிருக்கேன்.

மாப்பிள்ளை: அப்ப விவசாயம்னா நீங்க என்னதான் பண்ணுவீங்க?

மாமனார்: வரப்புல நிப்பேன்.

மாப்பிள்ளை: நின்னு?

மாமனார்: குடையோட நிப்பேன். என்னமோ சுலபம்னு நெனச்சுராதீங்க. வரப்புல ஆள் இல்லேன்னா நடவு ஆழமாப் போயிரும், குத்துக்குக் குத்து எடவெளி தாறுமாறா விழும். பத்து மணிக்கு டீ சொல்லணும், வெத்தலை பாக்கு வாங்கியாரணும், சாயங்காலம் கூலி எண்ணிக் குடுக்கணும்.

மாப்பிள்ளை: நான் இன்னிக்கு இருபது நிமிஷம் சேத்துல குனிஞ்சிருக்கேன். கணக்குப்படி நம்ம ரெண்டு பேர்ல நான்தான் விவசாயி.

மாமனார்: 1,299 ரூபா குடுத்து.

மாப்பிள்ளை: நீங்க கூலி குடுத்து. நீங்களும் காசு குடுத்துதான் வேடிக்கை பாத்திருக்கீங்க மாமா. என்ன, உங்களுக்குக் கையில பட்டை கட்டல.

மாமனார்: (கொஞ்ச நேரம் ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டு) இப்ப நடுறதுக்கும் ஆள் எங்க? பாதிக்கு மிஷின் நடவு. மீதிக்கு மேற்கு வங்காளத்துலேர்ந்து கோஷ்டி கோஷ்டியா வந்து எறங்குறாங்க. நம்ம குத்தகைக்காரன் போன்ல “பையா, கல் ஆவோ”ங்கறான். நம்ம ஊர்க் குலவை இங்க மரத்துல தொங்குது, மன்னார்குடி வயல்ல வங்காளப் பாட்டுக் கேக்குது.

(பன்னிரண்டு மணி. ‘பம்புசெட் குளியல்’. தொட்டியில் தண்ணீர் பாய, குழந்தைகள் கூச்சல். மகள் இரண்டு குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள்ளேயே நிற்கிறாள். இவர்கள் இருவரும் துண்டு பிடித்துக்கொண்டு வெளியே.)

மாமனார்: மேட்டூர ஜூன் பன்னண்டாம் தேதி தொறந்துட்டா நமக்குப் பெரிய பாக்கியம். இவன் தெனம் பன்னண்டு மணிக்குத் தொறக்கறான்.

மாப்பிள்ளை: பாப்பா சந்தோஷத்தப் பாருங்க மாமா. போன வாரம் வாங்குன பொம்மை நானூறு ரூபா, பத்து நிமிஷத்துல தூக்கிப் போட்டா. இதுல ஒரு மணி நேரமா ஆடுறா.

மாமனார்: அது நெசந்தான். சேத்துக்கும் தண்ணிக்கும் அவங்க வெல கேக்க மாட்டாங்க. கை கழுவுற எடத்துல மட்டும் சோப்பு இல்ல, பாத்தீங்களா? ஆட்டத் தொட்ட கையி.

மாப்பிள்ளை: சானிடைசர் இருக்கே.

மாமனார்: சாணிய சானிடைசர் போட்டுத் தேச்சா சாணி வாசனையா சானிடைசர் ஆவும். சோப்பு வாங்கியாங்க, போங்க.

(சாப்பாட்டுப் பந்தல். வாழை இலை. ‘மாப்பிள்ளைச் சம்பா சாதம், கூடுதல் 80 ரூபாய்’.)

மாமனார்: நல்ல அரிசிதான், கொறை சொல்லப்படாது. நூத்தறுபது நாள் பயிர், ஆள் ஒசரம் வளரும். அந்தக் காலத்துல இதத் தின்னுட்டு இளவட்டக்கல்லத் தூக்கித் தோள் மேல போட்டாத்தான் பொண்ணு குடுப்பாங்களாம்.

மாப்பிள்ளை: நல்ல வேளை, நீங்க கல்லு தூக்கச் சொல்லல.

மாமனார்: சொல்லல. சம்பளச் சீட்டுக் கேட்டேன்.

மாப்பிள்ளை: தரகர்கிட்ட இன்னொண்ணும் சொன்னீங்களாமே? விவசாயம் பண்ற பையன் மட்டும் வேணாம்னு?

மாமனார்: அப்படி இல்ல. நெலம் இருக்கற குடும்பமாப் பாருன்னேன். நெலத்துல நிக்கிற பையன் வேணாம்னேன். ரெண்டும் வேற வேற.

மாப்பிள்ளை: அப்ப நான் காசு குடுத்து நின்னா மட்டும் ஏன் மாமா கோவம் வருது?

மாமனார்: ரசம் ஊத்திக்கங்க, ஆறிடப்போவுது.

(சாப்பிட்டதும் குழந்தைகள் பாயில் தூங்கிவிட்டன. மகளும். மாப்பிள்ளை கண் அசந்து எழுந்தபோது மாமனாரைக் காணவில்லை. நாலரை மணிக்கு வந்தார். தலையில் சிவப்பு முண்டாசு, கையில் கறுப்புக் குடை.)

மாப்பிள்ளை: எங்க போனீங்க மாமா? தலையில என்ன இது?

மாமனார்: மேனேஜர் தம்பி கட்டிவிட்டுச்சு. எங்க பரம்பரையில யாரும் இந்தக் கலர் கட்டுனதில்ல.

மாப்பிள்ளை: எதுக்குக் கட்டிவிட்டான்?

மாமனார்: தூக்கம் வரலன்னு வயப்பக்கம் போய் நின்னேன். மூணு மணி கோஷ்டி எறங்குச்சு, எல்லாம் ஆழ ஆழமா அமுக்குதுங்க. நம்ம வாய் சும்மா இருக்குமா? “ஏ குட்டி, மேலாக்க வையிம்மா, நெருக்காத”ன்னு ஒரு சத்தம் போட்டேன். பெத்தவங்கள்லாம் என்னைப் பாத்துத் திரும்பி வீடியோ எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. மேனேஜர் ஓடியாந்து, “ஐயா, நீங்க விசிட்டரா, நம்ம ஸ்டாஃபா?”ன்னான்.

மாப்பிள்ளை: நீலப் பட்டையக் காட்ட வேண்டியதுதானே?

மாமனார்: காட்டுனேன். அவனே கழட்டிட்டான்.

மாப்பிள்ளை: கழட்டி?

மாமனார்: சனி, ஞாயிறு வேலை. ‘விவசாயி தாத்தா’ன்னு பேரு. வெள்ளிக்கிழமை ராத்திரி வந்துடணும். தங்கறதுக்குக் குடிசை இருக்கு, ஏசி போட்ட குடிசை.

மாப்பிள்ளை: இந்த வயசுல என்ன மாமா வேலை செய்யச் சொல்றாங்க?

மாமனார்: வரப்புல நிக்கணும். குடையோட.

மாப்பிள்ளை: எவ்ளோ தர்றாங்க?

மாமனார்: நாளைக்கு எண்ணூறு. சாப்பாடு உண்டு, மாப்பிள்ளைச் சம்பாவுக்குத் தனிக் காசு கெடையாது. மாசம் எட்டு நாள்னு வெச்சாலும் 6,400. வெள்ளத்துல போகாத ஆறு மூட்டை மாப்ள.

மாப்பிள்ளை: குனிஞ்சு சொல்லிக் குடுத்துச்சே அந்த அம்மா, அதுக்கு எவ்ளோவாம்?

மாமனார்: கேட்டேன். நானூத்தம்பது. பக்கத்து ஊருதான். இந்த எடமே முன்ன அது கூலிக்கு நட்ட வயலாம்.

மாப்பிள்ளை: குனியறதுக்கு நானூத்தம்பது, நிக்கறதுக்கு எண்ணூறு. காலைலேர்ந்து மாடு போலி, முட்டை போலி, நாத்து போலின்னீங்க. இது ஒண்ணாவது அசலா இருக்கே மாமா.

மாமனார்: (குடையை விரித்து, கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மடக்கி) வரப்புல யாராவது நிக்கணும்ல.

மாப்பிள்ளை: அத்தைகிட்ட யார் சொல்றது?

மாமனார்: நீங்கதான் சொல்லணும். மாப்பிள்ளை சொன்னா எதுத்துப் பேச மாட்டா.

மாப்பிள்ளை: சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை புள்ளைங்க தாத்தாவப் பாக்கணும்னு அழுதா?

மாமனார்: கூட்டிக்கிட்டு வாங்க. மேனேஜர்கிட்ட பேசிட்டேன், ஸ்டாஃப் குடும்பத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி.

மாப்பிள்ளை: டிக்கெட்டா? உங்களப் பாக்கறதுக்கா?

மாமனார்: பாப்பாவுக்கும் சேத்து எடுத்துருங்க மாப்ள. மூணு வயசு நாலு மாசம்னு நானே கவுன்டர்ல சொல்லிட்டேன். நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது பாருங்க.